ஒரே பிஎச்பி கோப்பு இரண்டு முறை ஏற்றப்படுவதைத் தவிர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிலாவெளியில் ஒரு படகுச் சேவைக்குப் பதிவுத் தளம், உப்புவெளியில் ஒரு விடுதிக்கு அறைப் பதிவுத் தளம். திருகோணமலையில் பிஎச்பி என்ற இணையத்தள நிரல்மொழியைப் பழகும் பிள்ளைகள் முதலில் கட்டுவது பெரும்பாலும் இப்படியான தளங்களைத்தான். ஐந்தாறு கோப்புகள் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். பக்கங்கள் கூடக் கூட, ஒரே கோப்பை ஹெடரும் (பக்கத்தின் மேல்பகுதி) கூப்பிடும், ஃபூட்டரும் (அடிப்பகுதி) கூப்பிடும், மின்னஞ்சல் அனுப்பும் கோப்பும் கூப்பிடும். இடறல் அங்கேதான் தொடங்குகிறது.

இடறியவுடன் பலரும் செய்வது ஒன்றுதான். இன்க்ளூட் என்பது இன்னொரு கோப்பை ஏற்றும் கட்டளை, ரிக்வயர்_வன்ஸ் அதை ஒரு தடவை மட்டும் ஏற்றும் கட்டளை. தளம் முழுக்க இன்க்ளூட் என்று இருக்கும் இடமெல்லாம் தேடி ரிக்வயர்_வன்ஸ் என்று மாற்றிவிடுவார்கள். "அண்ணா, எல்லாத்தையும் வன்ஸ் ஆக்கிட்டன், இப்ப எரர் இல்லை" என்பார்கள். எரர் இல்லைதான். ஆனால் எந்தக் கோப்பு யாரால் ஏன் இரண்டு தடவை கூப்பிடப்பட்டது என்பது தெரியாமலே போய்விடும், கொஞ்ச நாளில் வேறு உருவத்தில் திரும்பி வரும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த மாற்றம் ஆறாவது படியில்தான் வருகிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகு பதிவு செய்யும் தளம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஓடும். கோப்புகள்: இன்டெக்ஸ் (முதற்பக்கம்), புக்கிங், கொன்ஃபிக் (அமைப்புகள்), டிபி (டேட்டாபேஸ் இணைப்பு), ஃபங்ஷன்ஸ், ஹெடர், ஃபூட்டர், மெயில். எல்லாம் பிஎச்பி கோப்புகள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தளத்தின் முழுப் பிரதி ஒன்று உங்கள் கணினியில் ஓட வேண்டும். கணினியிலேயே பிஎச்பியை ஓட்ட உதவும் எக்ஸ்ஏஎம்பிபி மென்பொருள் போதும். டேட்டாபேஸையும் ஏற்றுமதி செய்து கொண்டுவாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நேரே கை வைக்க வேண்டாம், ஏனென்றால் இந்த வகைப் பிழை வந்தால் பக்கம் பாதியில் நின்றுவிடும் அல்லது வெள்ளையாகத் தெரியும்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பழக்கம் இருந்தால், தொடங்குமுன் இப்போதைய நிலையை ஒரு கொமிட்டாகப் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் முழு ஃபோல்டரையும் தளத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வெளியே என்பது முக்கியம். தளத்துக்குள்ளேயே "ஃபங்ஷன்ஸ்_பழையது" என்று ஒரு பிரதி வைத்தால் அதுவே பின்னால் வினையாகும். மூன்றாம் படியில் அதைப் பார்ப்போம்.

பிழைகளை முழுவதும் காட்டச் சொல்லுங்கள். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் எரர்_ரிப்போர்ட்டிங் என்பதை ஈ_ஓல் ஆகவும், டிஸ்ப்ளே_எரர்ஸ் என்பதை ஓன் ஆகவும் வையுங்கள். இது உங்கள் கணினியில் மட்டும். பொதுத் தளத்தில் பிழைகள் லொக் கோப்புக்குப் போக வேண்டும், பயணிகளின் திரைக்கு அல்ல.

நேரம் பற்றியும் ஒன்று. இங்கே படகுத் தொழிலுக்கு மாரி காலம்தான் ஓய்வு. கார்த்திகை, மார்கழியில் கடல் அடிக்கும்போது பதிவும் குறைவு. இப்படியான அடிப்படை வேலையை அப்போது செய்வது நல்லது. சீசன் நடுவில் வாடிக்கையாளர் கேட்டாலும், அவசரப் பிழையை மட்டும் திருத்திவிட்டு மிச்சத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

2. பிழைச் செய்தியைக் கடைசி எழுத்துவரை வாசியுங்கள்

ஒரே கோப்பு இரண்டு முறை ஏறினால் வரும் செய்திகள் நாலைந்து வகைதான். ஒவ்வொன்றும் வேறு வேறு விடயத்தைச் சொல்கிறது.

"கனொட் ரீடிக்ளேயர்" என்று வந்தால் ஒரு ஃபங்ஷன் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது. பக்கம் அங்கேயே நிற்கும். கிளாஸ் என்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது என்று வரும். அதுவும் நிறுத்திவிடும். "கொன்ஸ்டன்ட் (மாறாத மதிப்பு) ஓல்ரெடி டிஃபைன்ட்" என்பது எச்சரிக்கை மட்டும், பக்கம் தொடரும். அப்போது கொன்ஸ்டன்டின் மதிப்பு முதலில் கொடுத்ததுதான், இரண்டாவதாகக் கொடுத்தது ஏறாது. பயணியைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைத்திருக்கும் செஷன் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பும் இதே குடும்பம்.

"கனொட் ரீடிக்ளேயர்" செய்தியில் இரண்டு முகவரிகள் இருக்கும். இப்போது தடுக்கிய இடம் ஒன்று, முன்பு அறிவிக்கப்பட்ட இடம் மற்றது. புதியவர்கள் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு அந்த வரியைத் திருத்தப் போவார்கள். இரண்டு முகவரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கோப்பு, ஒரே வரி என்றால் ஒரு கோப்பு இரண்டு தடவை ஏறியிருக்கிறது. கோப்புகள் வேறு என்றால் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. முதல் வகைக்கு வன்ஸ் மருந்தாகும். இரண்டாவது வகைக்கு எத்தனை வன்ஸ் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அது கோப்பின் முகவரியை மட்டுமே பார்க்கும், உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்க்காது.

செய்தியே தராத பிழைகளும் உண்டு. அவைதான் ஆபத்தானவை.

புக்கிங் கோப்பில் ஒரு பயணியின் பதிவு டேட்டாபேஸில் சேர்க்கப்படுகிறது. அடுத்த வரியில் மெயில் கோப்பு ஏற்றப்படுகிறது. மெயில் கோப்பு தன் தேவைக்கு டிபி கோப்பை வெறும் இன்க்ளூட் மூலம் மறுபடி ஏற்றுகிறது. டிபி கோப்பில் இருப்பது ஒரே வரி: புதிய இணைப்பைத் திறந்து அதை கொன் என்ற மாறியில் (வேரியபிள்) வைப்பது. இப்போது பழைய இணைப்பு போய், அதே மாறியில் புதிய இணைப்பு வந்து உட்காருகிறது. அதற்குப் பிறகு புக்கிங் கோப்பு கடைசியாகச் சேர்ந்த பதிவின் இலக்கத்தைக் கேட்கிறது. புதிய இணைப்பில் எதுவும் சேர்க்கப்படவில்லையே, அது 0 என்று சொல்கிறது. பயணிக்குப் போகும் சீட்டில் "பதிவு இலக்கம் 0". எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. டேட்டாபேஸில் பதிவு சரியாக இருக்கிறது. கரையில் நிற்கும் படகுக்காரருக்குத்தான் எந்தப் பயணி எந்தப் பதிவு என்று தெரியாது.

அந்தச் சேர்ப்பு, கடைசியில் உறுதிசெய்தால்தான் நிலைக்கும் டிரான்ஸாக்ஷன் ஒன்றுக்குள் நடந்திருந்தால் இன்னும் மோசம். உறுதிசெய்யப்படாத நிலையில் பழைய இணைப்பு மூடப்பட்டால் பதிவே இல்லாமல் போய்விடும்.

மொழி மாறுவதும் இப்படித்தான். பயணி தமிழைத் தெரிவு செய்கிறார், மொழியை வைத்திருக்கும் மாறியில் தமிழ் என்று பதிகிறது. ஃபூட்டர் கோப்பு கொன்ஃபிக் கோப்பை மறுபடி ஏற்ற, அதிலுள்ள இயல்புநிலை மொழி மேலேறிவிடுகிறது. பக்கத்தின் மேல்பகுதி தமிழ், அடிப்பகுதி ஆங்கிலம். மொழிபெயர்ப்புக் கோப்பில் பிழை என்று நினைத்து அங்கே தேடிக்கொண்டிருப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. எது எங்கிருந்து ஏறுகிறது என்று வரைபடம் போடுங்கள்

எடிட்டரில் முழு ஃபோல்டரிலும் தேடும் வசதியைத் திறந்து இன்க்ளூட், ரிக்வயர் என்ற இரண்டு சொற்களையும் தேடுங்கள். வன்ஸ் சேர்ந்தவையும் இதிலேயே அகப்படும். ஒரு தாளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெட்டி, கூப்பிடும் கோப்பிலிருந்து கூப்பிடப்படும் கோப்புக்கு ஒரு அம்புக்குறி. கையால் வரையுங்கள். பத்துப் பதினைந்து கோப்புகள் உள்ள தளத்துக்கு இதைவிட விரைவான வழி இல்லை. இரண்டோ அதற்கு மேலோ அம்பு வந்து சேரும் பெட்டிகளைச் சுற்றி வட்டமிடுங்கள். சந்தேகப்பட வேண்டியவை அவைதான்.

அப்புறம், கெட்_இன்க்ளூடட்_ஃபைல்ஸ் என்ற ஃபங்ஷனைப் பக்கத்தின் கடைசியில் அச்சிட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்துக்காக ஏறிய எல்லாக் கோப்புகளின் முழு முகவரியும் வரும். வரைபடத்தில் இல்லாத கோப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க இது உதவும். ஆனால் ஒரு கோப்பு மூன்று தடவை ஏறியிருந்தாலும் இந்தப் பட்டியலில் ஒரு தடவைதான் வரும். பட்டியலில் ஒன்றுதானே இருக்கிறது, அப்ப சரி என்று முடிவு கட்டக்கூடாது.

எத்தனை தடவை ஏறுகிறது என்று எண்ண வேண்டுமானால், சந்தேகப்படும் கோப்பின் முதல் வரியில் எரர்_லொக் போட்டு கோப்பின் பெயரை எழுதவிடுங்கள். யார் கூப்பிட்டது என்றும் தெரிய வேண்டுமா, டீபக்_பிரின்ட்_பாக்ட்ரேஸ் போடுங்கள். டிபி, கொன்ஃபிக் போன்ற கோப்புகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஃபங்ஷன்கள் உள்ள கோப்புக்கு இது இரண்டாம் தடவையைக் காட்டாது. காரணம், பிஎச்பி ஒரு கோப்பை ஓட்டத் தொடங்குமுன் அதன் மேல்மட்டத்தில் உள்ள ஃபங்ஷன்களை அறிவித்துவிடும். தடுக்கல் அங்கேயே நடந்துவிடுவதால் உங்கள் முதல் வரிக்கு முறை வராது.

வரைபடம் போடும்போது பிரதிக் கோப்புகளையும் தேடிப் பிடியுங்கள். "கொப்பி ஒஃப் ஃபங்ஷன்ஸ்", "ஃபங்ஷன்ஸ்2", "நியூ_டிபி" என்று ஏதாவது கிடக்கும். உள்ளடக்கம் ஒன்று, முகவரி வேறு. பிஎச்பிக்கு அவை இரண்டு கோப்புகள். எந்தப் பிரதி உண்மையில் பாவிக்கப்படுகிறது என்று பார்த்து, ஒன்றை வைத்து மற்றதைத் தளத்திலிருந்து அகற்றுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு பிரதிகளிலும் மாறி மாறித் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

4. கோப்புகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்

இந்த முழு வேலையிலும் நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். ஒரு கோப்பு இரண்டு முறை ஏறுவது கெடுதலா, கெடுதல் இல்லையா, வேண்டியதா என்பது அந்தக் கோப்பு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. பிரிக்காமல் கட்டளையை மாற்றினால் ஒன்றைத் திருத்தி இன்னொன்றை உடைப்பீர்கள்.

முதல் வகை, அறிவிக்கும் கோப்புகள். ஃபங்ஷன், கிளாஸ், கொன்ஸ்டன்ட் ஆகியவற்றை அறிவிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவை. ஃபங்ஷன்ஸ் கோப்பு இந்த வகை. இவை ஒரு தடவைதான் ஏற வேண்டும்.

இரண்டாம் வகை, வேலை செய்யும் கோப்புகள். டேட்டாபேஸ் இணைப்பைத் திறப்பது, செஷனைத் தொடங்குவது, நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று வைப்பது, மின்னஞ்சல் அனுப்புவது. ஏறினாலே ஏதோ ஒன்று நடந்துவிடும். இரண்டு தடவை ஏறினால் இரண்டு தடவை நடக்கும். மெயில் கோப்பு இந்த வகையில் இருந்தால் பயணிக்கு இரண்டு மின்னஞ்சல் போகும்.

மூன்றாம் வகை, அச்சிடும் கோப்புகள். ஹெடர், ஃபூட்டர், ஒரு பட்டியலில் ஒவ்வொரு வரிசைக்கும் வரும் சிறு வார்ப்புருக் கோப்பு. இவற்றில் சில பல தடவை ஏறியே ஆக வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலான கோப்புகள் கலவையாக இருக்கும். ஃபங்ஷன்ஸ் கோப்பின் அடியில் யாரோ செஷனைத் தொடங்கியிருப்பார்கள். டிபி கோப்பில் நாலு ஃபங்ஷன்கள் இருக்கும். அந்தக் கலவையைப் பிரிப்பதுதான் இந்தப் படியின் வேலை. ஃபங்ஷன்களை ஃபங்ஷன்ஸ் கோப்புக்கு நகர்த்துங்கள். வேலை செய்யும் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, தேவையான இடத்தில் மட்டும் அதைக் கூப்பிடுங்கள்.

மெயில் கோப்பையே எடுங்கள். ஏறியவுடன் அனுப்பும்படி இருப்பதை, பதிவு_மின்னஞ்சல்_அனுப்பு என்ற ஃபங்ஷனாக மாற்றி, பதிவின் விவரத்தையும் டேட்டாபேஸ் இணைப்பையும் அதற்கு உள்ளீடாகக் கொடுங்கள். இப்போது கோப்பு ஏறுவதால் எதுவும் நடக்காது. கூப்பிட்டால்தான் நடக்கும். தனக்கென்று டிபி கோப்பை ஏற்ற வேண்டிய தேவையும் போய்விட்டது. இரண்டாம் படியில் சொன்ன பூச்சியப் பிழை வேரோடு போவது இங்கேதான்.

டிபி கோப்புக்கும் அதே முறை. இணைப்பைக் கொடு என்று ஒரு ஃபங்ஷன். உள்ளே ஒரு ஸ்டாட்டிக் மாறி. முதல் தடவை கேட்டால் இணைப்பைத் திறந்து மாறியில் வைக்கும், அடுத்த தடவைகளில் வைத்திருப்பதையே திருப்பித் தரும். பக்கத்துக்கு எத்தனை கோப்பு கேட்டாலும் இணைப்பு ஒன்றுதான்.

பிரிக்கும்போதே ஒரு சின்ன விடயத்தையும் பாருங்கள். பிஎச்பி மட்டும் உள்ள கோப்புகளின் கடைசியில் மூடும் குறி, அதாவது கேள்விக்குறியும் பெரிது என்ற குறியும், தேவையில்லை. எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இரண்டு வெற்று வரிகள் கிடந்தால் அவையும் வெளியீடாகப் போகும். பிறகு செஷன் தொடங்கும்போதோ வேறு பக்கத்துக்கு அனுப்பும்போதோ "ஹெடர்ஸ் ஓல்ரெடி சென்ட்" என்று வந்து நிற்கும்.

5. முகவரிகளை உறுதியாக எழுதுங்கள்

கட்டளையை மாற்றுமுன் முகவரியை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. வன்ஸ் ஒரு கோப்பை அடையாளம் காண்பது அதன் முழு முகவரியை வைத்து. நீங்கள் நினைக்கும் கோப்புதான் ஏறுகிறதா என்று உறுதியாகத் தெரியாமல் வன்ஸ் போடுவதில் அர்த்தமில்லை.

'./கொன்ஃபிக்.பிஎச்பி' என்று புள்ளியில் தொடங்கி எழுதினால், பிஎச்பி தேடுவது அந்த வரி இருக்கும் கோப்பின் ஃபோல்டரில் அல்ல, அப்போது ஓடும் வேலைக் கோப்புறையில். அது வழக்கமாக உலாவி கூப்பிட்ட முதல் கோப்பு இருக்கும் ஃபோல்டர். இன்டெக்ஸிலிருந்து பார்த்தால் சரியாக ஓடுவது, அட்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் அட்மினுக்குள் உள்ள வேறொரு கொன்ஃபிக்கை ஏற்றும்.

கட்டளையை இப்போதைக்கு இருந்தபடியே விட்டு, எல்லா முகவரிகளையும் இப்படி மாற்றுங்கள்:

இன்க்ளூட் __டிஐஆர்__ . '/கொன்ஃபிக்.பிஎச்பி';

டிஐஆர் என்ற மூன்று எழுத்துகளும் பெரிய எழுத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. அந்த வரி எழுதப்பட்டிருக்கும் கோப்பின் ஃபோல்டரை அது தரும், யார் கூப்பிட்டாலும் மாறாது. பிஎச்பி 5.3 இலிருந்து இருக்கிறது. பின்னால் வரும் சாய்கோட்டை விட்டுவிடுவது வழமையான தவறு. விட்டால் ஃபோல்டர் பெயரும் கோப்புப் பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விடயத்தையும் இங்கேயே சரிசெய்துவிடுங்கள். விண்டோஸில் டிபி என்பதை எப்படி எழுதினாலும் கோப்பு திறக்கும். வாடகைக்கு எடுக்கும் சேர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு இல்லை என்றுவிடும். எல்லாக் கோப்புப் பெயர்களையும் சின்ன எழுத்தில் வைத்துக்கொள்வதே நிம்மதி.

6. எந்தக் கோப்புக்கு எந்தக் கட்டளை

இப்போது மாற்றலாம். இரண்டு கேள்விகள்தான். கோப்பு இல்லாவிட்டால் பக்கம் தொடரலாமா? தொடரலாம் என்றால் இன்க்ளூட், கூடாது என்றால் ரிக்வயர். ஒரு தடவை மட்டும் ஏற வேண்டுமா? ஆம் என்றால் வன்ஸ் சேருங்கள்.

முதல் வகைக் கோப்புகளுக்கு ரிக்வயர்_வன்ஸ். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் வகையில் மீந்திருப்பவற்றுக்கும் ரிக்வயர்_வன்ஸ்தான், ஆனால் ஒரே இடத்திலிருந்து. அதை அடுத்த படி சொல்கிறது.

மூன்றாம் வகையில் கவனம். கன்னியா வெந்நீரூற்று பற்றி ஒரு பக்கம் செய்கிறீர்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் இரண்டு வரிகளும் உள்ள அட்டை. அட்டையின் வார்ப்புரு தனிக் கோப்பு, அதை ஒரு லூப்புக்குள் ஏழு தடவை ஏற்றுகிறீர்கள். எல்லாவற்றையும் வன்ஸ் ஆக்கியவர்களின் பக்கத்தில் ஒரு கிணறுதான் தெரியும். மற்ற ஆறு தடவையும் பிஎச்பி, இது ஏற்கெனவே ஏறிவிட்டது என்று பேசாமல் கடந்துவிடும். பிழைச் செய்தியும் வராது. இங்கே வெறும் ரிக்வயர்தான் சரி. அட்டையை அச்சிடும் ஒரு ஃபங்ஷன் எழுதினால் இன்னும் நல்லது.

இன்னொரு பொறி, அமைப்புகளை அரேயாக, அதாவது மதிப்புகளின் பட்டியலாக, திருப்பித் தரும் கொன்ஃபிக் கோப்பு. கோப்பின் கடைசியில் ரிட்டர்ன் என்று ஒரு அரே, அதைக் கூப்பிடும் இடத்தில் ஒரு மாறியில் வாங்கிக்கொள்வது. அழகான முறைதான். ஆனால் அதை ரிக்வயர்_வன்ஸ் மூலம் இரண்டு இடங்களில் வாங்கினால், முதல் இடத்துக்கு அரே கிடைக்கும், இரண்டாம் இடத்துக்கு ட்ரூ என்ற ஒற்றை மதிப்புத்தான் கிடைக்கும். அதற்குள் டேட்டாபேஸின் பெயரைத் தேடினால் எப்படி இருக்கும்? இப்படியான கோப்பை ஒரே இடத்தில் வாங்கி, தேவையானவர்களுக்குக் கையளியுங்கள்.

சி மொழி படித்துவிட்டு வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சியில் ஹெடர் கோப்பின் தலையில் ஒரு பெயர் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முழுக் கோப்பையும் தவிர்க்கும் காவல் வரிகள் போடுவோம். அதே பழக்கத்தில் பிஎச்பி கோப்பின் தலையிலும் "இந்தக் கொன்ஸ்டன்ட் இருந்தால் ரிட்டர்ன்" என்று எழுதுகிறார்கள். ஃபங்ஷன்கள் உள்ள கோப்பில் இது காக்காது. மூன்றாம் படியில் சொன்ன அதே காரணம்: அந்த வரி ஓடுமுன்னரே ஃபங்ஷன்கள் அறிவிக்கப்பட்டு, தடுக்கல் நடந்துவிடும். சியில் அந்த வேலையைச் செய்வது கொம்பைலருக்கு முன்னால் ஓடும் பிரீபுரோசசர். பிஎச்பியில் அப்படி ஒன்று இல்லை.

ஒவ்வொரு ஃபங்ஷனையும் "ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ் இல்லையென்றால்" என்ற நிபந்தனைக்குள் வைப்பதும் ஒரு வழியாகச் சொல்லித் தரப்படுகிறது. வேர்ட்பிரஸ் தீம் போன்ற இடங்களில், வேறொருவர் அந்த ஃபங்ஷனை மாற்றி எழுத இடம் விடுவதற்கு அது பொருத்தமானது. உங்கள் சொந்தத் தளத்தில் வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு வேறு ஃபங்ஷன்கள் இருந்தால் எது முதலில் ஏறியதோ அது வெல்லும், மற்றது சத்தமில்லாமல் ஒதுங்கும். கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷனில் இது நடந்தால் பழைய விலையில் பதிவுகள் போய்க்கொண்டிருக்கும்.

7. எல்லாம் ஒரே வாசலால் ஏறட்டும்

இனிட் என்று ஒரு தொடக்கக் கோப்பு உருவாக்குங்கள். கொன்ஃபிக், ஃபங்ஷன்ஸ், டிபி ஆகியவற்றை இந்த ஒழுங்கிலேயே அது ஏற்றட்டும். டிபிக்குக் கொன்ஃபிக்கின் மதிப்புகள் தேவை என்பதால் கொன்ஃபிக் முதலில். செஷன் தொடங்குவதும் நேர வலயம் வைப்பதும் இதற்குள்ளேயே, அச்சிடும் எதற்கும் முன்னால்.

உலாவி நேரே கூப்பிடும் பக்கங்கள், அதாவது இன்டெக்ஸும் புக்கிங்கும், தங்கள் முதல் வரியில் இனிட்டை ரிக்வயர்_வன்ஸ் செய்யட்டும். மற்ற எந்தக் கோப்பும் எதையும் தானாக ஏற்றக்கூடாது. ஹெடரிலும் ஃபூட்டரிலும் இருக்கும் கொன்ஃபிக் வரிகளை அழித்துவிடுங்கள். உங்கள் வரைபடத்தை மறுபடி வரைந்தால் கொன்ஃபிக், ஃபங்ஷன்ஸ், டிபி மூன்றுக்கும் வரும் அம்புகள் எல்லாம் இனிட்டிலிருந்து மட்டும் வருவதாக இருக்க வேண்டும். இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று கூப்பிடும் சுற்றும் இத்தோடு இல்லாமல் போகும். வன்ஸ் இருந்தால் அந்தச் சுற்று முடிவில்லாமல் ஓடாதுதான், ஆனால் ஒன்று பாதி ஏறிய நிலையில் மற்றது அதன் மதிப்பைத் தேடி வெறுமையைக் காணும்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் தவறு, இனிட்டை ஒரு ஃபங்ஷனுக்குள் இருந்து ஏற்றுவது. ஃபங்ஷனுக்குள் ஏறிய கோப்பின் மாறிகள் அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் சொந்தம். வெளியே வந்து மறுபடி ரிக்வயர்_வன்ஸ் எழுதினால், ஏற்கெனவே ஏறியது என்று எதுவும் நடக்காது, மாறிகளும் இருக்காது. கோப்பு ஏறியிருக்கிறதே, மாறி எங்கே என்று தலையைச் சொறிவார்கள். இனிட் எப்போதும் பக்கத்தின் மேல்மட்டத்தில், முதல் வரியில்.

8. கிளாஸ்கள் கூடினால் ஓட்டோலோட்

கிளாஸ்கள் ஐந்தாறைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்றும் வரி எழுதுவதை விட்டு, பிஎச்பிக்கான கொம்போசர் என்ற கருவி தரும் ஓட்டோலோடுக்கு (தானாக ஏற்றும் வசதி) மாறுங்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு கோப்பு, கிளாஸின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்று, எழுத்தின் அளவு உட்பட. கோப்புப் பெயர்கள் சின்ன எழுத்தில் என்று ஐந்தாம் படியில் சொன்னதற்கு இது மட்டும் விதிவிலக்கு. கொம்போசர்.ஜேசன் கோப்பில் பிஎஸ்ஆர்-4 என்ற பெயரிடும் ஒழுங்கில் ஃபோல்டரைக் குறித்து, டம்ப்-ஓட்டோலோட் கட்டளையை ஓட்டுங்கள். இனிட்டின் முதல் வரியாக வென்டர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஓட்டோலோட் கோப்பை ரிக்வயர்_வன்ஸ் செய்தால் போதும்.

கிளாஸ் முதன்முதலில் தேவைப்படும்போது மட்டும் கோப்பு ஏறும் என்பதால் இரண்டு தடவை ஏறும் பேச்சே இல்லை. மாறியபின், கையால் எழுதிய பழைய ஏற்றும் வரிகளை அழிக்க மறக்காதீர்கள். ஓட்டோலோட் ஒருபக்கம், வெறும் ரிக்வயர் மறுபக்கம் என்று இரண்டும் கலந்திருந்தால் கிளாஸ் பிழை மறுபடி வரும்.

9. உலாவியின் பக்கத்தையும் பாருங்கள்

பிஎச்பி எல்லாம் சரியாகியும் ஒரு பயணிக்கு இரண்டு பதிவுகள் விழுகின்றன என்றால், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இரண்டு முறை ஏறுகிறதா என்று பாருங்கள். உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வர்க் பகுதியில் ஜேஎஸ் மட்டும் வடிகட்டுங்கள். அப்புறம் பக்கத்தின் மூலத்தைத் திறந்து ஸ்கிரிப்ட் குறிகளை எண்ணுங்கள். கேஷில் இருக்கும் கோப்பு நெட்வர்க்கில் தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு பொத்தானுக்குக் கிளிக் கையாளியைச் சேர்க்கும் கோப்பு ஹெடரிலும் ஃபூட்டரிலும் இருந்தால், ஒரு தட்டுக்கு இரண்டு கையாளிகள் ஓடும். இரண்டு கோரிக்கைகள், இரண்டு பதிவுகள், எட்டுப் பேர் ஏறும் படகில் நாலு பேருக்கு எட்டு இருக்கைகளும் நிரம்பிவிடும்.

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இரண்டு தடவை ஏறினால் அறிகுறி வேறு. திகதி தெரிவு செய்யும் டேட்பிக்கர் முதல் ஜேக்வெரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபூட்டரில் இரண்டாவது ஜேக்வெரி வந்து டொலர் குறியைத் தன்வசப்படுத்தும். பிறகு டேட்பிக்கரைக் கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று வரும். டேட்பிக்கர் கோப்பைப் புதிதாகத் தரவிறக்குவதில் பயனில்லை. ஜேக்வெரிக் குறியில் ஒன்றை எடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மொடியூலாக (ஸ்கிரிப்ட் குறியில் மொடியூல் வகை என்று குறித்து) ஏற்றினால் ஒரே முகவரிக்கு ஒரு தடவைதான் ஓடும். ஆனால் முகவரியின் கடைசியில் பதிப்பு இலக்கம் சேர்க்கும் வழக்கம் இருந்தால் கவனம். ஓரிடத்தில் வி=1, இன்னோர் இடத்தில் வி=2 என்றிருந்தால் உலாவிக்கு அவை இரண்டு கோப்புகள். ஸ்கிரிப்ட் குறிகள் எல்லாம் ஃபூட்டரில் மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பங்கள் பெரும்பாலும் வராது.

என்ன செய்தாலும் அவசரத்தில் இரண்டு தடவை தட்டும் விரல் ஒன்று இருக்கும். படிவத்துக்கு ஒரு தனி இலக்கம் உருவாக்கி மறைவாக அனுப்பி, டேட்டாபேஸில் அந்தப் பத்தியை யுனீக் ஆக்குங்கள். இரண்டாவது பதிவை டேட்டாபேஸே மறுத்துவிடும்.

10. சோதித்துவிட்டு மேலேற்றுங்கள்

பிஎச்பி -எல் கட்டளை நிரலின் சின்டாக்ஸ் பிழையை (இலக்கணப் பிழை) மட்டும்தான் பார்க்கும், இரண்டு முறை ஏறுவதைக் காட்டாது. பக்கம் பக்கமாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். அட்மின் ஃபோல்டருக்குள் உள்ளவற்றை விட்டுவிடாதீர்கள். மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு பதிவு செய்து, ஃபூட்டர்வரை உருட்டிப் பாருங்கள். பதிவு இலக்கத்தை டேட்டாபேஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மின்னஞ்சல் ஒன்றுதான் வந்ததா என்று பாருங்கள்.

மூன்றாம் படியில் வைத்த எரர்_லொக், பாக்ட்ரேஸ் வரிகளை எடுத்துவிடுங்கள்.

மேலேற்றும்போது, உங்கள் கணினியில் அழித்த கோப்புகள் சேர்வரில் தானாக அழியாது. எஃப்டிபி மூலம் புதியவற்றை மட்டும் அனுப்பினால் பழைய பிரதிகள் அங்கேயே கிடக்கும். அழித்தவற்றின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு சேர்வரிலும் ஒவ்வொன்றாக அழியுங்கள். டிஸ்ப்ளே_எரர்ஸ் சேர்வரில் ஓஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போனில் ஒரு சோதனைப் பதிவு போட்டுப் பார்த்து அதை ரத்துச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்குக் காலையில் லொக் கோப்பைத் திறந்து "ஓல்ரெடி" என்ற சொல்லையும் "ரீடிக்ளேயர்" என்ற சொல்லையும் தேடுங்கள். பாவனை குறைந்த ஏதோ ஒரு பக்கத்தில் பழைய ஏற்றும் வரி மிஞ்சியிருந்தால் அங்கேதான் அகப்படும்.